வாழைப்பழ பிரெட்டும் இரண்டு நாள் மலைநடையும்: முதலமடையிலிருந்து ஒரு திட்டம்

கோவை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு வார இறுதியில் மலை என்றாலே ஊட்டியும் வால்பாறையும்தான் முதலில் நினைவுக்கு வரும். சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் நிற்கும் வண்டி வரிசையும் அடுத்தபடியாக நினைவுக்கு வரும். அந்தக் கூட்டத்தைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் சொல்லும் ஊர் முதலமடை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், பொள்ளாச்சிக்கு மேற்கே, கோவிந்தாபுரம் எல்லையைத் தாண்டியதும் வருகிறது. இங்கே தங்கிக்கொண்டால் ஒரு பக்கம் நெல்லியாம்பதி, இன்னொரு பக்கம் பறம்பிக்குளம்.

மலையில் வரும் தொல்லைகளில் பாதி சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. காலை பத்து மணிக்குப் பசி, கையில் சிப்ஸ் பொட்டலம், பின்னால் குரங்கு, கீழே பிளாஸ்டிக் குப்பை. அதனால் பாதையையும் பொட்டலத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். நடைக்கு இங்கே பரிந்துரைக்கும் உணவு, வீட்டில் சுட்ட வாழைப்பழ பிரெட்.

ஏன் முதலமடை

முதலமடை மாம்பழ ஊர். பாலக்காட்டுக் கணவாயின் வெயிலும் காற்றும் இங்குள்ள மாமரங்களைச் சீக்கிரமே பூக்க வைக்கின்றன. இந்தியாவின் மற்ற இடங்களில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கிருந்து பழம் சந்தைக்குக் கிளம்பிவிடும். அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம், கிளிமூக்கு என்று தோப்புக்குத் தோப்பு ரகம் மாறும். தோட்ட வேலையிலும் கடைத்தெருவிலும் தமிழ் தாராளமாகப் புழங்குவதால் வழி கேட்கச் சிரமம் இருக்காது.

ஊருக்குத் தெற்கே தென்மலையின் பாறைச்சுவர் செங்குத்தாக நிற்கிறது. அதன் உச்சிக்கு மேல்தான் நெல்லியாம்பதி. காயத்ரிப் புழையோடு சேரும் நீரைத் தேக்கும் மீன்கரை, சுள்ளியாறு அணைகள் மலையடிவாரத்தில் இருக்கின்றன. இவற்றோடு, கேரளத்தின் இரண்டு புலிக் காப்பகங்களில் ஒன்றான பறம்பிக்குளமும் இதே முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் ஊரின் நடுவிலிருந்து நேராக அங்கே வண்டியில் போக முடியாது. தமிழ்நாட்டுக்குள் திரும்பி, ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியே சுற்றித்தான் நுழைய வேண்டும். பயணத் திட்டத்தில் இந்தச் சுற்றுக்கு நேரம் ஒதுக்காதவர்கள்தான் ஞாயிறு மதியம் சோதனைச் சாவடியில் தவிக்கிறார்கள்.

வருவதற்குப் பேருந்து எளிது. பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு, திருச்சூர் செல்லும் வண்டிகள் இவ்வழியே போகின்றன. பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதை அகலப்பாதையாக மாறி 2015-ல் மீண்டும் திறக்கப்பட்டது. முதலமடையில் சிறிய நிலையம் உண்டு. மேடையில் நிற்கும் ஆலமரங்களை மலையாளப் படங்களில் பலர் பார்த்திருப்பார்கள். இந்தப் பாதையில் ரயில்கள் குறைவு என்பதால் நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

முதலில் அனுமதி

பறம்பிக்குளம் போவதாக இருந்தால் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அனுமதியை முடித்துவிட வேண்டும். நாளொன்றுக்கு உள்ளே விடும் வண்டிகளுக்கு வரம்பு உண்டு. தங்கும் அறைகளும் நடைப்பயணங்களும் வனத்துறையின் முன்பதிவில்தான் கிடைக்கும். காட்டுக்குள் எந்த நடையும் வனத்துறை வழிகாட்டியோடுதான். வழிகாட்டிகளில் பலர் அந்தக் காட்டிலேயே பிறந்த காடர், மலசர் சமூகத்தவர்கள்.

நெல்லியாம்பதிக்கு இவ்வளவு முன்பதிவு வேண்டாம். போத்துண்டி அணைக்கு மேலே உள்ள வனச் சோதனைச் சாவடியில் பெயரும் வண்டி எண்ணும் பதிவாகும். மாலைக்கு மேல் புதிய வண்டிகளை விடமாட்டார்கள். முதன்முறை வருபவர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் நெல்லியாம்பதியே ஏற்றது.

வியாழக்கிழமை: பழம்

இந்த பிரெட்டுக்கு நேந்திரம்பழம். பாலக்காட்டுக் கடைகளில் ‘ஏத்தப்பழம்’ என்றாலும் ‘நேந்த்ரப்பழம்’ என்றாலும் எடுத்துக் கொடுப்பார்கள். மற்ற வாழைகளைவிட இதில் மாவுச்சத்து அதிகம், நீர் குறைவு. அதனால் துண்டு உதிராமல் நிற்கும், பையில் நசுங்காது.

தோல் மஞ்சளாக இருக்கும் பழம் உதவாது. முக்கால்வாசி கறுத்து, அழுத்தினால் விரல் பதிய வேண்டும். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் கறுத்த பழத்தில் இனிப்பும் மணமும் கூடும். வெல்லம் குறைவாகப் போட்டால் போதும். வியாழனன்று பழம் இன்னும் கெட்டியாக இருந்தால் காகிதப் பையில் மூடி வையுங்கள். வெள்ளி மாலையும் கனியவில்லையா, தோலோடு ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து மசிக்கலாம். அப்போது வெல்லத்தை இரண்டு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். பழத்தின் நடுவில் ஓடும் கறுப்பு விதைநரம்பை எடுத்துவிட்டால் பிரெட் மென்மையாக வரும்.

நேந்திரம் கிடைக்காத ஊரில் செவ்வாழை சரிப்படும். பூவனும் ரஸ்தாளியும் நீர் விடும். போட்டால் மாவை 30 கிராம் கூட்டுங்கள். மொந்தன் வேண்டாம், அது கறிக்குத்தான்.

கேரளத்துக்கும் வாழைப்பழம் சேர்ந்த கேக்குக்கும் பழைய உறவு உண்டு. தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி நடத்திய மாம்பள்ளி பாப்பு, 1883 கிறிஸ்துமஸுக்கு மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரைக்காக ஒரு கேக் செய்தார். அதில் பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்த்து வடித்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார் என்று அங்கே சொல்வார்கள். நம்முடைய செய்முறையில் சரக்கு கிடையாது.

வெள்ளி மாலை: அடுப்பு

ஒரு பிரெட்டில் 12 துண்டுகள் வரும். நான்கு பேருக்கு ஒரு நாள் நடைக்குப் போதும்.

தேவையானவை:

- தோல் உரித்த நேந்திரம்பழம்: 400 கிராம் (பெரிதாக இருந்தால் மூன்று)
- கோதுமை மாவு: 150 கிராம்
- மைதா: 100 கிராம்
- பொடித்த வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரை: 120 கிராம்
- தேங்காய் எண்ணெய் அல்லது கடலை எண்ணெய்: 100 மில்லி
- முட்டை: 2 (சைவத்துக்கு லேசாகப் புளித்த தயிர் 120 மில்லி)
- சமையல் சோடா: 1 சிறு கரண்டி
- உப்பு: அரைச் சிறு கரண்டி
- ஏலப்பொடி, சுக்குப்பொடி: தலா அரைச் சிறு கரண்டி
- உடைத்த முந்திரி அல்லது வறுத்த வேர்க்கடலை: 60 கிராம்

செய்முறை:

1. அவனை 170 டிகிரி செல்சியஸில் சூடாக்கவும். ரொட்டி டின்னில் எண்ணெய் தடவி மாவு தூவி வைக்கவும்.

2. பழத்தை முள்கரண்டியால் மசிக்கவும். மிக்சியில் அடிக்க வேண்டாம். கூழானால் பிரெட் பிசுபிசுக்கும். வெல்லம், எண்ணெய், முட்டை அல்லது தயிர் சேர்த்துக் கலக்கவும். வெல்லம் மண் கலந்ததாக இருந்தால் மிகக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஆறியபின் சேர்க்கவும்.

3. மாவு, சோடா, உப்பு, பொடிகளை ஒன்றாகச் சலித்து, பழக்கலவையில் கொட்டவும். கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டவும். வெள்ளை மாவு கண்ணில் படாமல் போனதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் கிண்டினால் மாவின் பசைத்தன்மை கூடி பிரெட் ரப்பராகிவிடும். பதம் இட்லி மாவைவிடக் கெட்டியாக இருக்கும்.

4. பருப்பைச் சேர்த்து டின்னில் ஊற்றி உடனே அவனில் வைக்கவும். பழத்திலும் வெல்லத்திலும் தயிரிலும் உள்ள புளிப்புப் பட்டதும் சோடா நுரைக்கத் தொடங்கிவிடும். கலவையைக் காத்திருக்க வைத்தால் எழும்பாது.

5. 55 முதல் 65 நிமிடம் ஆகும். நடுவில் குச்சி குத்திப் பாருங்கள், ஈரமாவு ஒட்டக்கூடாது. மேல்பகுதி சீக்கிரம் கறுத்தால் 40-வது நிமிடத்தில் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள்.

அவன் இல்லாதவர்கள் அகலமான பெரிய குக்கரிலோ அடிகனமான குண்டானிலோ செய்யலாம். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு தாங்கி வைத்து, மூடி, 10 நிமிடம் சூடேற்றுங்கள். குக்கரானால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது. 8 அங்குல வட்ட டின்னில் மாவை ஊற்றி உள்ளே வைத்து, சிறுதீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். மேலே பொன்னிறம் வராது. சுவையில் குறை இருக்காது.

வெந்த பிரெட்டை டின்னிலிருந்து எடுத்துக் கம்பித்தட்டில் ஆறவிடுங்கள். இரவு முழுக்க ஆறினால் நல்லது. சூட்டோடு பொட்டலம் கட்டினால் உள்ளே நீர் கோத்து, மறுநாளே பூசணம் பிடிக்கும். நன்றாக ஆறியது பாலக்காட்டு வெயிலில் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாளுக்கு நம்பவேண்டாம்.

பொட்டலம்

சனிக்கிழமை காலை 12 துண்டாக நறுக்குங்கள். ஒரு துண்டு ஏறத்தாழ 75 கிராம், 250 கலோரிக்குச் சற்று மேல். தணலில் வாட்டிய வாழையிலையில் இரண்டிரண்டு துண்டாக மடித்து நூலால் கட்டி, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். இலை ஈரத்தைக் காக்கும். டப்பா மணத்தை வெளியே விடாது. காட்டில் இரண்டாவதுதான் முக்கியம்.

நடக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துண்டு போதும். ஒரேயடியாக மூன்றைத் தின்றால் ஏற்றத்தில் வயிறு கனக்கும். இந்த பிரெட்டில் சர்க்கரையும் கொழுப்பும் உண்டு, வியர்வையில் போகும் உப்புக்கு ஈடு இல்லை. அதனால் உப்பு நெல்லிக்காயோ, வறுத்த உப்புக்கடலையோ, ஓஆர்எஸ் பொட்டலமோ சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். தயிர்ச்சோறு காலையில் கட்டி மதியம் திறந்தால் புளித்திருக்கும். மதியத்துக்குப் புளிச்சோறு நல்லது.

சனிக்கிழமை: அடிவாரம்

முதல் நாளே உச்சிக்குப் போக வேண்டாம். விடியலில் முதலமடை வந்து சேர்ந்து, மாந்தோப்புகளின் நடுவே செல்லும் ஊர்ச்சாலைகளில் சுள்ளியாறு அணைப் பக்கம் நடங்கள். சாலை சமதளம். இடப்புறமும் வலப்புறமும் தோப்பு, எதிரே தென்மலை. வெயில் ஏறும் முன், ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்.

தோப்புகள் தனியார் சொத்து. கேட்காமல் உள்ளே போகவோ காய் பறிக்கவோ கூடாது. பூவிடும் காலத்திலிருந்து அறுவடைவரை பூச்சிமருந்து அடிப்பது உண்டு. மருந்து நெடி வந்தால் குழந்தைகளை அந்தப் பக்கம் அழைத்துப் போகாதீர்கள். வாங்கும் மாம்பழத்தை நன்றாகக் கழுவிய பிறகே நறுக்குங்கள்.

மதியத்துக்கு மேல் கொல்லங்கோடு. மழைக்காலத்திலும் அதன் பின் சில வாரங்களும் தென்மலையின் முகத்தில் சீதார்குண்டு அருவி வெள்ளைக் கோடாக இறங்குவது வயல்வெளியிலிருந்தே தெரியும். அடிவாரம் வரை போகும் பாதை காட்டையொட்டியது. நீர் பெருகும் நாட்களில் மூடிவிடுவார்கள். உள்ளூரில் கேட்டு, திறந்திருந்தால் மட்டும் போங்கள். வழுக்குப் பாறையில் ஏறிப் படம் எடுக்கவேண்டாம்.

வரைபடத்தில் ‘தேக்கடி’ என்று ஒரு பெயரைப் பார்த்துக் குழம்பவேண்டாம். அது பெரியாற்றுத் தேக்கடி அல்ல. முதலமடை ஊராட்சியின் காட்டுக்குள் இருக்கும் ஆதிவாசிக் குடியிருப்பு. செம்மணாம்பதியிலிருந்து அங்கே போகும் வழி அந்த மக்களுடைய வழி. சுற்றுலாப் பாதை அல்ல.

ஞாயிறு, முதல் வழி: நெல்லியாம்பதி

கொல்லங்கோடு, நெம்மாற, போத்துண்டி வழியே ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து கைகாட்டி வந்தால் மேடு தொடங்குகிறது. தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்கள். புலயம்பாறையில் அரசின் ஆரஞ்சு, காய்கறிப் பண்ணை இருக்கிறது. அங்கே செய்யும் ஸ்குவாஷும் ஜாமும் விற்பனைக்குக் கிடைக்கும்.

நடைக்கு இரண்டு இடங்கள். கேசவன்பாறை குறுகிய நடை, குழந்தைகளும் ஏறலாம். சீதார்குண்டு காட்சிமுனைக்குத் தேயிலைத் தோட்டத்தின் வழியே போகும் சாலையில் மெதுவாக நடக்கலாம். முனையில் ஒற்றை நெல்லி மரம். அதற்கு அப்பால் தரை கிடையாது, நேர் பள்ளம். மூடுபனி விலகினால் கொல்லங்கோடும், சனிக்கிழமை நீங்கள் நடந்த சுள்ளியாற்றுப் பக்கமும், மீன்கரையும் கீழே தெரியும். தடுப்பைத் தாண்டக்கூடாது. மான்பாறைக்கு ஜீப் வேண்டும். அது திறந்திருக்கிறதா என்று கைகாட்டியிலேயே விசாரியுங்கள்.

டப்பாவைத் திறக்கும் இடம் காட்சிமுனை அல்ல. அங்கே குரங்குகள் உண்டு. வாழைப்பழ மணம் அவற்றுக்குத் தெரியும். ஒரு துண்டு கொடுத்தால் அடுத்து வருபவரின் பையைப் பிடுங்கும். மனிதத் தீனிக்குப் பழகிய குரங்கு சாலையில் அடிபட்டுச் சாகும். வண்டிக்குள் கதவை மூடிக்கொண்டோ, கைகாட்டிக் கடைத்தெருவில் டீயோடோ சாப்பிடுங்கள்.

ஞாயிறு, இரண்டாம் வழி: பறம்பிக்குளம்

முன்பதிவு இருந்தால் விடியலிலேயே கோவிந்தாபுரம் தாண்டி ஆனைமலைப் பக்கம் திரும்புங்கள். சேத்துமடையில் தமிழ்நாட்டு வனத்துறையின் சாவடி. டாப்ஸ்லிப்புக்கு அப்பால் ஆனப்பாடியில் கேரள வனத்துறையின் சாவடி. இரண்டிலும் பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக்கும் மதுவும் உள்ளே போகாது. இலைப் பொட்டலத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட்டின் கல்லறை இருக்கிறது. வெட்டி மொட்டையாக்கப்பட்டிருந்த ஆனைமலைக் காட்டில் தேக்கை மீண்டும் வளர்த்த வன அதிகாரி அவர், 1933-ல் மறைந்தார். அவர் காலத்துத் தேக்கையும் அதற்கு முந்தைய தேக்கையும் ஒரே நாளில் பார்க்கலாம். பறம்பிக்குளத்தின் துணக்கடவுப் பக்கம் நிற்கும் கன்னிமாரா தேக்கு சுமார் 40 மீட்டர் உயரம், 7 மீட்டர் சுற்றளவு. வயது நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் என்கிறார்கள். 1994-95-ல் மத்திய அரசின் மகா விருட்ச விருது பெற்ற மரம்.

உள்ளே பறம்பிக்குளம், துணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று மூன்று அணைகள். நிலம் கேரளத்துடையது, அணைகளைப் பராமரிப்பது பறம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின்படி தமிழ்நாடு. கோவை, திருப்பூர் மாவட்டத் தென்னைக்கும் சோளத்துக்கும் பாயும் நீரில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது.

நடைகளில் காட்டு டிராம்வேயின் தடத்தைத் தொடுவது சுவையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி அரசு மரம் இறக்கச் சாலக்குடிவரை தண்டவாளம் போட்டது. பின்னர் அது மூடப்பட்டது. வழிகாட்டி சாப்பிடச் சொல்லும் இடத்தில் மட்டும் பொட்டலத்தைப் பிரியுங்கள். உங்களோடு வரும் வழிகாட்டிக்கும் இரண்டு துண்டு கணக்கில் வையுங்கள். இலையைக்கூட அங்கே போட்டுவிட்டு வரக்கூடாது. மணம் உள்ள இலையைத் தேடி விலங்கு பாதைக்கு வரும்.

எப்போது போகலாம், எப்போது கூடாது

செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பச்சை அழகு, கூடவே அட்டையும் மண்சரிவும். 2018 ஆகஸ்ட் மழையில் நெல்லியாம்பதிச் சாலை பல இடங்களில் சரிந்து, மேலே இருந்தவர்கள் துண்டிக்கப்பட்டார்கள். சிவப்பு, ஆரஞ்சு எச்சரிக்கை உள்ள நாட்களில் பயணத்தை ரத்து செய்யுங்கள். அட்டைக்கு நீண்ட காலுறையும் ஒரு பிடி உப்பும் போதும்.

கோடையில் காட்டுத்தீ. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு இரு மாநிலங்களும் தீக்காலத்தில் நடைகளை நிறுத்திவைக்கின்றன. தமிழ்நாட்டுப் பக்கமே நடக்க விரும்புவோருக்கு, 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. டாப்ஸ்லிப்–பண்டாரவரை அவற்றில் ஒன்று.

அனுமதியில்லாத பாறையில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்குப் பாலக்காடே சாட்சி. 2022 பிப்ரவரியில் மலம்புழா அருகே மலையேறிய இளைஞர் ஒருவர் பாறை இடுக்கில் சிக்கி, சோறு தண்ணீர் இல்லாமல் 40 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். ராணுவம் வந்துதான் மீட்டது. எனவே:

- தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தங்கும் விடுதியில் சொல்லுங்கள்.
- மாலை ஐந்துக்குள் காட்டுச்சாலையை விட்டு வெளியே வாருங்கள். அந்திக்குப் பின் யானைகள் நடமாடும்.
- கடைசி ஒரு துண்டு பிரெட்டும் அரை லிட்டர் தண்ணீரும் வண்டிக்கு வந்து சேரும்வரை தொடாமல் இருக்கட்டும்.
- மேலே செல்பேசி சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. 112, 108 எண்களை நம்பி மட்டும் ஏறவேண்டாம்.

திட்டமிடும் வரிசை இதுதான்: அனுமதி, வானிலை, பிறகு பழம். அனுமதி கிடைக்கவில்லை என்றால் நெல்லியாம்பதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மழை எச்சரிக்கை வந்துவிட்டால், சுட்ட பிரெட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.